மோனோ கேமரா படத்தில் நிறம் சரியாக வர

கறுப்பு வெள்ளையில் மட்டும் பதியும் மோனோ கேமராவால் இரவு வானத்தைப் படமெடுக்கிறீர்களா? சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் ஃபில்டர் மாற்றித் தனித்தனியாக எடுத்து ஒன்றுசேர்த்ததும் படம் முழுக்க ஒரே பச்சையாக வந்து நிற்கிறதா? பயப்பட வேண்டாம். சென்சார் எல்லா நிறத்தையும் ஒரே அளவு உணர்வதில்லை, ஃபில்டர்களும் ஒரே அளவு ஒளியை விடுவதில்லை, போதாததற்கு வளிமண்டலம் நீலத்தைத்தான் அதிகம் தின்கிறது. அதனால் எடுக்கும்போதே, பொருள் வானில் உயரத்தில் இருக்கும் நேரத்தை நீலத்துக்குக் கொடுத்துவிடுங்கள், தாழ்வாக இருக்கும்போது சிவப்பை எடுக்கலாம். ஃப்ளாட் (ஓர இருட்டையும் தூசி நிழலையும் நீக்க, சீரான ஒளியில் எடுக்கும் படம்) ஒவ்வொரு ஃபில்டருக்கும் தனித்தனியாக வேண்டும்.

பலர் செய்யும் தவறு, மூன்று நிறங்களின் ஹிஸ்டோகிராம் (எந்தப் பிரகாசத்தில் எத்தனை பிக்சல் என்று காட்டும் வரைபடம்) முகடுகளையும் ஒரே இடத்துக்கு நகர்த்திவிட்டு நிறம் சரியாகிவிட்டது என்று நினைப்பது. அந்த முகடு பெரும்பாலும் வானப் பின்னணிதான். ஒளி மாசும் நிலவொளியும் படத்தின் மேல் வந்து சேர்வது கூட்டல் கணக்கு, ஆகவே அதைக் கழிக்க வேண்டும். சென்சாரும் ஃபில்டரும் உண்டாக்கும் வித்தியாசம் பெருக்கல் கணக்கு, அதற்கு ஒவ்வொரு சேனலையும், அதாவது ஒவ்வொரு நிறத்தின் படத்தையும், ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். இரண்டையும் குழப்பினால் பின்னணி சாம்பலாக இருக்கும், விண்மீன்கள் மட்டும் தப்பான நிறத்தில் இருக்கும்.

ஆகவே முதலில் ஒவ்வொரு சேனலிலும் கிரேடியன்ட்டை, அதாவது பின்னணியில் படிப்படியாக மாறும் அந்த வேண்டாத வெளிச்சத்தை, நீக்குங்கள். அப்புறம் மூன்றையும் சேர்த்து, பிளேட் சால்வ் செய்து (படம் வானில் எந்த இடம் என்று மென்பொருளால் கண்டறிந்து), எஸ்பிசிசி (SPCC) என்ற நிறத் திருத்தக் கருவியை ஓட்டுங்கள். பிக்ஸ்இன்சைட் மென்பொருளில் இருக்கிறது, சிரில் மென்பொருளிலும் வந்துவிட்டது. கையா விண்கலம் அளந்த விண்மீன் நிறமாலைகளோடு உங்கள் படத்து விண்மீன்களை ஒப்பிட்டு அந்தப் பெருக்கல் எண்களை அதுவே கண்டுபிடித்துவிடும். நீங்கள் சென்சாரையும் ஃபில்டர்களையும் சரியாகத் தேர்ந்தெடுத்தால் போதும். பின்னணிக்கு இடம் காட்டச் சொன்னால் நெபுலா படியாத வெற்று வானத்தைக் காட்டுங்கள். இதெல்லாம் ஸ்ட்ரெட்ச் செய்வதற்கு (மங்கலான பகுதிகள் தெரியும்படி பிரகாசத்தைக் கூட்டுவதற்கு) முன்னால், பிக்சல் எண்கள் ஒளிக்கு நேர் விகிதத்தில் இருக்கும் லீனியர் நிலையிலேயே முடிய வேண்டும். ஸ்ட்ரெட்ச் ஆனபின் சேனல்களின் விகிதமே மாறிவிடும், அப்போது திருத்துவது வெறும் ஊகம்தான்.

லூமினன்ஸை (நிற ஃபில்டர் இல்லாமல் எடுத்த பிரகாசப் படத்தை) தனியாக ஸ்ட்ரெட்ச் செய்து கடைசியில் சேர்க்கலாம். அதன் பிரகாசம் நிறப் படத்தின் பிரகாசத்தோடு ஒத்துப்போகாவிட்டால் நிறம் வெளுத்துவிடும். ஹைட்ரஜன் ஆல்ஃபா, ஆக்சிஜன், சல்ஃபர் ஃபில்டர்களை வைத்து, ஒளியின் மிகக் குறுகிய ஒரு துண்டை மட்டும் எடுக்கும் குறும்பட்டைப் படங்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது, அங்கே எந்தச் சேனலுக்கு எந்த நிறம் என்பது நீங்கள் எடுக்கும் முடிவு.

சரியாக வந்ததா என்று பார்க்க, படத்தைப் பெரிதாக்கி விண்மீன்களைப் பாருங்கள். நீலம், வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு எல்லாம் கலந்து தெரிய வேண்டும். பச்சையாகத் தெரியும் விண்மீன் கிடையாது, ஒன்று தெரிந்தாலும் கிரேடியன்ட்டிலிருந்து மறுபடி பாருங்கள்.