ஆட்கள் ஏன் நிற்பதில்லை? பனியன் கம்பெனியில் காரணம் கண்டுபிடித்து மாற்றத்தைத் திட்டமிடும் முறை

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. "பவர் டேபிளில் (மின் தையல் மெஷின் வரிசையில்) டெய்லர்கள் நிற்பதே இல்லை, நல்ல ட்ரெய்னிங் கொடுங்கள்" என்றார் முதலாளி. நோயோடு மருந்தையும் சேர்த்துச் சொல்கிறார்களா? உடனே தலையாட்டிவிடாதீர்கள். நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்லும் வேலைக்குப் புதியவர்கள் சறுக்குவது இங்கேதான்.

1. புகாரை எழுதிக்கொள்ளுங்கள். எந்த செக்‌ஷன், எப்போதிலிருந்து, இதுவரை என்ன செய்து பார்த்தார்கள்? இப்போதைக்கு இது போதும்.

2. பதிவேட்டைப் புரட்டுங்கள். ஆட்கள் வேலையை விட்டு நின்ற தேதிகளை ஒரு தாளில் எழுதினோம். பக்கத்திலேயே ஸ்டைல் (தைக்கும் ஆடையின் மாடல்) மாறிய தேதிகளையும் எழுதினோம். புது ஸ்டைல் ஏறிய வாரத்தில்தான் பெரும்பாலும் வேலையை விட்டிருக்கிறார்கள்.

3. தையல் லைனில் போய் உட்காருங்கள். இதற்கு மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், இரண்டு மூன்று நாளாவது இருங்கள். சூப்பர்வைசர் பக்கத்தில் இருந்தால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். டீ நேரத்தில், ஓவர்லாக் (துணி ஓரம் பிரியாமல் போடும் தையல்) அடிக்கும் ஒரு அக்கா தன் கணக்கு நோட்டை எடுத்துக் காட்டினார். ரவுண்டு நெக் ஓடிய வாரத்தில் எழுதிய பீஸ் கணக்கு, காலர் டி-ஷர்ட் ஏறிய அன்று பாதியாகியிருந்தது. தைத்த பீஸுக்கு இவ்வளவு என்ற பீஸ் ரேட்டில் அது பாதிக் கூலி. "கை பழகுறதுக்குள்ள வாரம் போயிடுது, வாடகைக்கு என்ன பண்றது?" என்றார். இதை எந்த ட்ரெய்னிங் தீர்க்கும்?

4. தாளின் நடுவே ஒரு கோடு போடுங்கள். மாற்றத்தைத் தள்ளும் விசைகள் இடப்பக்கம், தடுப்பவை வலப்பக்கம். கர்ட் லெவின் என்ற உளவியலாளர் தந்த முறை இது. தள்ளுவதைக் கூட்டினால் இறுக்கமும் கூடும். தடையைத் தளர்த்துவதே மேல். இங்கே தடை, முதல் வாரக் கூலி இழப்பு.

5. தீர்வை அவர்களோடு உட்கார்ந்து போடுங்கள். அமெரிக்காவின் வர்ஜீனியாவில், ஹார்வுட் பைஜாமா தொழிற்சாலையில் லெஸ்டர் கோச், ஜான் ஃபிரெஞ்சு என்ற ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 1948-ல் வெளியிட்டார்கள். அங்கும் பீஸ் ரேட், அங்கும் வேலை மாறினால் ஆட்கள் போய்விடுவார்கள். மாற்றத்தை வெறும் அறிவிப்பாகக் கேட்ட குழுவில் 40 நாட்களுக்குள் 17 சதவீதம் பேர் வேலையை விட்டுவிட்டார்கள். கலந்து பேசிய குழுக்களில் அந்த நாட்களில் ஒருவரும் வேலையை விடவில்லை. எனக்கு இந்த வேலையில் நம்பிக்கை வந்ததே இதைப் படித்த பிறகுதான்.

6. ஒரே ஒரு லைனில் தொடங்குங்கள். ஸ்டைல் ஏறும் முன்பே சாம்பிள் பீஸைக் கொண்டுவந்து டெய்லர்களோடு பிரித்துப் பார்த்தோம். எந்த வேலை முதலில் வரவேண்டும் என்று அந்த அக்காவே வரிசையை மாற்றிச் சொன்னார். முதல் ஐந்து நாளைக்கு, போன மாதச் சராசரிக் கூலி. "அப்புறம் மெதுவாகத்தானே தைப்பார்கள்?" என்று முதலாளி கேட்டார். நியாயமான பயம்தான். அதனால்தான் ஒரு லைன் மட்டும். அதிலும் தினசரி பீஸ் கணக்கை எல்லாரும் பார்க்கும்படி போர்டில் எழுதச் சொன்னோம்.

ஒரு ஸ்டைலை வைத்து முடிவுக்கு வராதீர்கள். அடுத்த ஸ்டைல் ஏறும் தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு, அந்த வாரத்து வருகைப் பதிவேட்டை இந்த லைனுக்கும் பக்கத்து லைனுக்கும் சேர்த்து எடுத்துப் பாருங்கள்.