பாமினியிலிருந்து யூனிகோடுக்கு: ஊர்க் குழுக்கள் விடக்கூடாத பிழைகள்

வன்னியில் ஊர் ஊராக எழுத்து வேலை செய்கிற சின்னச் சின்னக் குழுக்கள் இருக்கின்றன. கோயில் மலரைத் தட்டச்சுச் செய்வது, வாசிகசாலையில் கறையான் அரித்த கூட்டக் குறிப்புக் கொப்பியைப் படம் எடுப்பது, முள்ளியவளைப் பக்கம் கோவலன் கூத்து ஆடின ஐயாமாரிடம் பாட்டைக் கேட்டு எழுதுவது, அருவி வெட்டுப் பாட்டு, அதாவது நெல் அறுவடைப் பாட்டு, நினைவிருக்கிற அம்மாக்களைத் தேடிப் போவது, இப்படி. 2008, 2009 போரில் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஓடியதில் மிஞ்சிய கடதாசிதான் பல ஊர்களுக்கு இன்று இருக்கிறது, ஆகவே இதை யாரும் பொழுதுபோக்காகச் செய்யவில்லை. ஆனால் ஒரு குழு பாமினியில் அடித்து வைத்திருக்கும், இன்னொன்று வேறு ஏதோ பழைய எழுத்துருவில், மூன்றாவது யூனிகோடில். எல்லாரையும் யூனிகோடில் எழுதுகிற ஒரே குழுவாக்கப் பார்த்தோம். முதல் தடவை நாங்கள் சிதறிப்போனோம், இரண்டாம் தடவைதான் சரிவந்தது. முதல் தடவை விட்ட பிழைகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விளக்கம். பாமினியில் ‘அம்மா’ என்று அடித்தால் திரையில் அம்மா தெரியும், ஆனால் பைலுக்குள்ளே கிடப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகள்தான். எழுத்துரு அவற்றின்மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டுகிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் போர்வை போய்விடும். யூனிகோட் அப்படியில்லை. அது ஒரு மென்பொருளும் இல்லை, எழுத்துருவும் இல்லை, உலகத்து எழுத்துகளுக்கெல்லாம் ஆளுக்கொரு எண் என்ற உடன்பாடு. 1991 இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழ் அதற்குள் இருக்கிறது. இலங்கையிலும் 2008 இல் எஸ்எல்எஸ் 1326 என்ற தமிழ்த் தரம் இதையொட்டியே வந்தது. யாருக்கும் காசு கட்டத் தேவையில்லை, யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை, இதைத்தான் திறந்த தரம் என்கிறோம்.

இவ்வளவு நல்ல விசயத்தை வைத்துக்கொண்டு நாங்கள் எப்படிக் குழம்பினோம் என்றால், விசைப்பலகையையும் குறியீட்டையும் ஒன்றென்று நினைத்ததால்தான். பாமினி என்ற ஒரே பெயருக்குள் இரண்டு விசயங்கள் இருக்கின்றன: ஒன்று பைலுக்குள் எழுத்து சேமிக்கப்படுகிற விதம், மற்றது எந்த விசையை அழுத்தினால் எந்த எழுத்து வரும் என்ற ஒழுங்கு. மாற்ற வேண்டியது முதலாவதை மட்டும். இது தெரியாமல் முதல் கூட்டத்திலேயே எழும்பி நின்று ‘இனிப் பாமினி வேண்டாம், எல்லாரும் புது விசைப்பலகை பழகுங்கோ’ என்று சொன்னோம். எங்களுக்காக ஊர்ப் புத்தகங்களைச் சும்மா அடித்துத் தந்துகொண்டிருந்த தட்டச்சுக் கடை அண்ணை ஒருவர் அதைக் கேட்டுவிட்டு, ‘தம்பி, இருபது வருசமா இந்தக் கை இப்பிடித்தான் ஓடுது, இனி என்னெண்டு மாத்திறது?’ என்றார். அடுத்த கூட்டத்துக்கு அவர் வரவில்லை. அவரோடு இன்னும் மூன்று நாலு பேர் வரவில்லை. குழுவில் வேகமாகப் பிழையில்லாமல் அடிக்கக்கூடியவர்களே அவர்கள்தான்.

ஈ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் மாதிரியான இலவசக் கருவிகளில் பாமினி ஒழுங்கு அப்படியே இருக்கிறது. கை பழகிய விசையைத் தட்டலாம், உள்ளே போவது யூனிகோட். இதை நாங்கள் ஆறு மாதம் பிந்தித்தான் அறிந்தோம். பிறகு அண்ணையின் கடைக்கே லப்டொப்பைக் கொண்டுபோய், பக்கத்தில் இருந்து, ஒரு வரி அடித்துப் பாருங்கோ என்று காட்டினோம். இப்போது எங்கள் குழுவில் அதிகம் அடிக்கிறவர் அவர்தான். ஆகவே தரத்தை மாற்றப் போகிறவர்கள் முதலில் யார் எதில் எப்படி அடிக்கிறார்கள் என்று வீடு வீடாகப் போய்ப் பாருங்கள். கைபேசியில் ஒலிபெயர்ப்பில் அடிக்கிற பிள்ளை, ரெங்கநாதன் விசைப்பலகை ஒழுங்கில் அடிக்கிற கந்தோர் அக்கா, தமிழ் 99 என்ற விசைப்பலகை ஒழுங்கு பழகிய ஆசிரியர், எல்லாரும் அப்படியே இருக்கட்டும். வெளியே வருகிற எழுத்து ஒன்றாக இருந்தால் போதும்.

அடுத்த பிழை, பழைய பைல்களை ஒரே இரவில் மாற்றிவிட்டு மூலத்தை அழித்தது. எழுத்தை மாற்றித் தருகிற மென்பொருள் ஒரு இயந்திரம்தான். பாமினிப் பைலுக்கு நடுவே ஆங்கிலத்தில் ஒரு பெயரோ முகவரியோ இருந்தால், அதையும் பாமினி என்று நினைத்து வாசிக்க முடியாத தமிழாக்கிவிடும். ஒரு ஊரின் பழைய மாணவர் பட்டியல் எங்களிடம் அப்படி நாசமானது. மூலம் கையில் இல்லை. இனிமேல் என்ன மாற்றினாலும் மூலப் பைலைத் தொடாமல் வையுங்கள், அந்தப் பழைய எழுத்துருவையும் கூடவே வையுங்கள், முடிந்தால் மாற்றுவதற்கு முன் ஒரு அச்சுப் பிரதி எடுங்கள். பிறகு இரண்டு பேர் இருந்து, ஒருவர் வாசிக்க மற்றவர் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் ஒரு ஆளின் பெயர் பிழைத்தால் அந்த வீட்டுக்கு அது சின்னப் பிழை இல்லை.

கண்ணால் பார்த்துச் சரி என்று விடுவதும் கூடாது, ஏனென்றால் மிக மோசமான பிழைகள் கண்ணுக்குத் தெரியாதவை. பழைய தட்டச்சுப் பழக்கத்தில் ‘ர்’ என்ற எழுத்துக்குப் பலர் ‘ா’ என்ற காலைப் போட்டு மேலே புள்ளி வைப்பார்கள், பார்வைக்கு ஒன்றுதான். அதை யூனிகோடுக்கு மாற்றும்போது ‘அவர்கள்’ என்பது ‘அவா்கள்’ ஆகிவிடும். நிதானமாகப் பாருங்கள், இரண்டும் வேறு. வாசிக்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது, ஆனால் தேடினால் அகப்படாது. ஒரு பேத்தி கனடாவிலிருந்து தாத்தாவின் ஊர்ப் பெயரைச் சரியாக அடித்துத் தேடுகிறாள், எங்கள் இணையப் பக்கத்தில் அந்தப் பெயர் பத்து இடத்தில் இருந்தும் ஒன்றும் வரவில்லை என்றால் நாங்கள் அடித்ததற்கே பொருளில்லை. ‘மௌனம்’ என்பதில் ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக்கொம்பும் ளகரமும் போட்டு ‘மெளனம்’ என்று எழுதுவதும், ‘ஔவை’யை ‘ஒளவை’ ஆக்குவதும் இதே வகை. மாற்றி முடித்ததும் காலும் புள்ளியும் சேர்ந்த இடங்களை எல்லாம் தேடி ‘ர்’ ஆக்குங்கள். அது ஐந்து நிமிட வேலை, அதைச் செய்யாமல் நாங்கள் ஒரு வருடம் இருந்தோம்.

பெயர்ப் பட்டியலை அகரவரிசைப்படுத்தும்போதும் ஒரு சண்டை வரும். யூனிகோட் எண் வரிசையில் ‘ந’வுக்கு அடுத்ததாக ‘ன’ இருக்கிறது, ‘ர’வுக்கு அடுத்ததாக ‘ற’. நம் வரிசையில் ‘ற’வும் ‘ன’வும் கடைசி. இதைப் பார்த்ததும் தமிழைக் கெடுத்துவிட்டார்கள் என்று ஒருவர் கோபப்படுவார், சரி, அவரது கோபத்தில் தமிழ்மேல் உள்ள அக்கறை இருக்கிறது. எண் வரிசை வேறு, அடுக்கும் வரிசை வேறு, மென்பொருளில் தமிழ் அடுக்கு முறையைத் தெரிவுசெய்துவிட்டால் நம் வரிசை வரும் என்று அவருக்குச் செய்து காட்டுங்கள். இதற்காக நமக்கென்று தனிக் குறியீடு செய்வோம் என்று மட்டும் இறங்காதீர்கள், திரும்பவும் பாமினிக் காலத்துக்கே போய்விடுவோம்.

ஆட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடவுச்சொல், பைல்கள், தொடர்புகள் எல்லாம் கெட்டிக்காரத் தம்பி ஒருவரிடம் இருந்தன. அவருக்கு வெளிநாட்டு வேலை கிடைத்தது, போனார், நல்லாயிருக்கட்டும். ஆனால் எங்களுக்கு நாலு மாதம் ஒன்றையும் திறக்க முடியவில்லை. நம் பகுதியில் இளம் பிள்ளைகள் போய்க்கொண்டேதான் இருப்பார்கள், அதைக் குறையாக எடுக்காமல், எதற்கும் இரண்டு ஊரில் இரண்டு பேர் என்று தொடக்கத்திலேயே பிரித்து வையுங்கள். ஒருவர் மல்லாவியில் என்றால் மற்றவர் புதுக்குடியிருப்பில்.

கூட்டங்களையும் கிளிநொச்சியிலேயே வைத்தோம், ஏ9 வீதியில் இருப்பதால் எல்லாருக்கும் வசதி என்று நினைத்து. துணுக்காயிலிருந்து வருகிற பிள்ளைக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று யாரும் கேட்கவில்லை. பெண் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். மாசியில் பெரும்போக அறுவடை நடக்கும்போது பயிற்சி வைத்து, ஏன் ஆள் வரவில்லை என்று வேறு கேட்டோம். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் கிழமையிலும் ஒருக்கால் வைத்தோம். இப்போது ஊர்ச் சனசமூக நிலையங்களில் மாறி மாறி, காலை பத்து மணிக்குத் தொடங்கி இரண்டு மணிக்கு முன் முடிக்கிறோம்.

கடைசியாக, என் மனதை அதிகம் உறுத்துகிற பிழை. திறந்த தரம் என்றால் எல்லாவற்றையும் திறந்து போடுவது என்று எங்களில் சிலர் விளங்கிக்கொண்டார்கள். எழுதுகிற முறைதான் திறந்தது. எழுதப்பட்டது யாருடையது என்பது வேறு கேள்வி. ஒரு ஊர்க் கொப்பியில் இடம்பெயர்ந்த குடும்பங்களின் பெயர், காணித் துண்டு, திரும்பி வராத பிள்ளைகளின் பெயர் எல்லாம் இருந்தன. அழகாக அடித்து, ‘ர்’ எல்லாம் திருத்தி, எல்லாரும் தேடி எடுக்கக்கூடியதாகப் போட்டுவிட்டோம். ஒரு அம்மா வந்து தன் மகனின் பெயரை எடுக்கச் சொன்னார், ஏன் என்று சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அன்றே எடுத்தோம். உயிரோடு இருப்பவர்களையும் காணாமல் போனவர்களையும் பற்றிய எந்தப் பக்கத்தையும் வீட்டுக்காரரைக் கேட்காமல் இப்போது வெளியிடுவதில்லை. அந்தக் கொப்பி இரண்டு வன்தட்டுகளில் இரண்டு ஊரில் இருக்கிறது, வீட்டுக்காரர் வந்து கேட்டால் அவர்களுடைய பக்கத்தை மட்டும் அச்சடித்துக் கையில் கொடுக்கிறோம்.