வகுப்பில் பின்தங்கிய பிள்ளையின் குறும்பைக் கையாளுதல்: புதிய ஆசிரியர்களுக்கு ஒரு செய்முறை

ஆறாம் வகுப்பிலோ ஏழாம் வகுப்பிலோ புதிதாகப் பாடம் எடுக்க வருபவர், பக்கத்துப் பிள்ளையைச் சீண்டுவதும் தண்ணீர் குடிக்கப் போக வேண்டும் என்று எழுந்து நிற்பதுமாக இருக்கும் இரண்டு மூன்று பேரை முதல் வாரத்திலேயே பார்த்துவிடுவார். அவர்களின் நோட்டைப் பிரித்தால், கரும்பலகையில் இருந்தது அழகாக எழுதப்பட்டிருக்கும். தாமாகச் செய்ய வேண்டிய கணக்குகளுக்கான இடம் காலியாக இருக்கும். படிக்கத் தெரியாதது வெளியே தெரிவதைவிடக் குறும்புக்காரன் என்று பெயரெடுப்பது மேல் என்று அந்தப் பிள்ளை நினைக்கிறது. பெரும்பாலான குறும்பை இப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதல் படி: ஒரு வாரம் குறித்து வையுங்கள். எந்தப் பாடவேளையில், நீங்கள் எதைச் செய்யச் சொன்ன பிறகு தொந்தரவு தொடங்கியது என்று ஒரு வரி எழுதினால் போதும். வாய்விட்டு வாசிக்கும் நேரத்திலேயே அது திரும்பத் திரும்ப வந்தால், காரணம் பாதி புரிந்துவிடும்.

இரண்டாம் படி: அடிப்படையைத் தனியாகச் சோதியுங்கள். மற்றவர்கள் வெளியே போன பிறகு எழுத்து, சொல், வாக்கியம், இரண்டாம் வகுப்பு அளவிலான ஒரு பத்தி என்று வரிசையாக வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு 52-லிருந்து 27-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். விடை 35 என்று வந்தால் அதைக் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிடாதீர்கள். 2-லிருந்து 7 போகாது என்பதால் 7-லிருந்து 2-ஐக் கழித்து 5 என்று எழுதியிருக்கிறது. எல்லாக் கணக்கிலும் அதே முறையைத்தான் பின்பற்றியிருக்கும். பத்துப் பத்தாகக் கட்டிய ஐந்து குச்சிக்கட்டுகளையும் இரண்டு உதிரிக் குச்சிகளையும் கையில் கொடுத்து, 27 குச்சிகளைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். ஏழு உதிரி தர வழியில்லாமல் ஒரு கட்டை அவிழ்க்கும் அந்த நொடியில், கடன் வாங்குவது என்றால் என்ன என்பது பிள்ளைக்கே தெரிந்துவிடும். மிஞ்சியதை எண்ணினால் 25.

மூன்றாம் படி: செய்து முடிக்கக்கூடிய அளவு வேலை கொடுங்கள். வகுப்புக்குப் பத்துக் கணக்கு என்றால் இந்தப் பிள்ளைக்கு மூன்று போதும். முதல் கணக்கைப் பாதி நீங்களே செய்து வையுங்கள், மூன்றாவது சற்றுக் கடினமாக இருக்கட்டும். எல்லாரும் பார்க்க இரண்டாம் வகுப்புப் புத்தகத்தைக் கையில் திணிக்க வேண்டாம். அந்த அவமானத்திலிருந்து மீட்பது மிகவும் கடினம்.

நான்காம் படி: கேள்வி கேட்டபின் காத்திருங்கள். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்பதையும், மூன்று நொடி பொறுத்தால் விடைகள் நீளமாகவும் தெளிவாகவும் வருகின்றன என்பதையும் அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் காட்டினார். மெதுவாக யோசிக்கும் பிள்ளைக்கு அந்த மூன்று நொடி பெரிய வாய்ப்பு.

ஐந்தாம் படி: கண்டிக்க நேர்ந்தால் அருகில் சென்று, தாழ்ந்த குரலில், அடுத்துச் செய்ய வேண்டியதை மட்டும் சொல்லுங்கள். அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடைசெய்கிறது; வகுப்பின் முன் "முட்டாள்" என்று சொல்வதும் பிள்ளையின் மனத்தை அடிப்பதுதான். பாராட்டும்போது "கெட்டிக்காரன்" என்று பொதுவாகச் சொல்லாமல், "இன்று கட்டைப் பிரித்துக் கழித்தாய், சரியாக வந்தது" என்று செய்த செயலையே சொல்லுங்கள். பெற்றோரைக் குறை சொல்ல அழைப்பதற்கு முன், இதே செய்தியைச் சொல்ல ஒரு முறை அழைத்துவிடுங்கள். பிறகு வரும் பேச்சுகளை அவர்கள் காதுகொடுத்துக் கேட்பார்கள்.

சில வாரங்கள் கழிந்தும் முன்னேற்றம் இல்லையென்றால், கரும்பலகை சரியாகத் தெரிகிறதா, காது நன்றாகக் கேட்கிறதா, காலையில் சாப்பிட்டு வந்ததா என்று விசாரியுங்கள். தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியர்கள், தலைமையாசிரியர் வழியாக வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரை அணுகலாம். அப்போது நீங்கள் முதல் வாரம் எழுதிய குறிப்புகளையும் பிள்ளையின் கணக்கு நோட்டையும் அவரிடம் காட்டுங்கள்.