கையேட்டுக்குத் திரைப்பிடிப்பு எடுக்கும் முன்

லிப்ரெஆபிஸ் என்ற கட்டற்ற அலுவலக மென்பொருளுக்குக் கையேடு எழுதுகிறீர்களா? நீங்கள் அன்றாடம் புழங்கும் அமைப்பிலேயே திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எடுக்காதீர்கள். நீங்கள் கூடுதல் வசதிக்காகச் சேர்த்த நீட்சிகளும் இடம் மாற்றிய பொத்தான்களும் படத்தில் வந்துவிடும். புதிதாக நிறுவியவர் தன் திரையில் அவற்றைத் தேடித் திணறுவார், பாவம். உதவிப் பட்டியலில் பாதுகாப்பு முறையில் மறுதொடக்கம் செய்யும் வசதி இருக்கிறது. அதில் போனால் தற்காலிகமாகப் புத்தம்புதிய பயனர் அமைப்போடு திறக்கும்.

படத்தைப் பிஎன்ஜி கோப்பாகவே சேமியுங்கள். ஜேபெக்கில் சிறிய எழுத்துகளின் ஓரம் கலங்கிவிடும்.

எழுத்தில் சொன்னாலே விளங்கும் இடத்துக்குப் படமே வேண்டாம். 2018-இல் ஜிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளின் 2.10 பதிப்பு வந்தபோது இயல்பான தோற்றமே கருமைக்கு மாறியது. அதுவரை எடுத்த வெளிர்நிறப் படங்கள் பழசாகிவிட்டன. படம் குறைவாக இருந்தால், அடுத்த பதிப்பு வரும்போது மாற்ற வேண்டியதும் குறைவு.