பிராட்வே டிக்கெட்டை மலிவாக எடுக்க

மதுரையிலிருந்து நியூயார்க்குக்குப் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள், பிராட்வே இசை நாடக டிக்கெட்டை இங்கிருந்தே முழு விலைக்கு எடுத்துவிடாதீர்கள். டைம்ஸ் சதுக்கத்தில் சிவப்புப் படிக்கட்டுக்கு அடியிலேயே டிகேடிஎஸ் என்ற தள்ளுபடி டிக்கெட் கவுன்டர் இருக்கிறது. பல நாடகங்களுக்கு 20 முதல் 50 சதவீதம் வரை தள்ளுபடி. அங்கே வாங்கிய டிக்கெட்டைத் தூக்கிப்போட வேண்டாம். 7 நாட்களுக்குள் காட்டினால் அடுத்த முறை நீள வரிசை இல்லை.

கூட்டம் அலைமோதும் நாடகம் அங்கே கிடைப்பது அபூர்வம். அதற்குக் குலுக்கல்தான். ‘ஹாமில்டன்’ குலுக்கலில் விழுந்தால் 10 டாலர், ஒருவருக்கு இரண்டு டிக்கெட் வரை. குறித்த நேரத்துக்குள் பணம் கட்டாவிட்டால் போச்சு. நம்மூர் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடிக் கிடந்தால் இங்கேதான் மாட்டும்; வங்கி ஆப்பில் கிளம்புமுன்பே திறந்துவிடுங்கள்.

‘பார்ஷியல் வியூ’ என்று போட்டிருந்தால் மேடையின் ஒரு பகுதி மறையும். வயதானவர்களுக்கு அந்த இருக்கை வேண்டவே வேண்டாம்.