கார் கிளப்புடன் முதல் வார இறுதிப் பயணம்: வரிசை அறுபடாமல் ஓட்டுவது எப்படி?

தனியாக நெடுந்தூரம் ஓட்டிப் பழகியவர்கள்கூட, பத்துக் கார்களோடு சேர்ந்து போகும்போது தடுமாறுகிறார்கள். தனியாகப் போகும்போது உங்கள் அவசரம் உங்களோடு முடிந்துவிடும். கூட்டத்தில் அது கடைசிக் கார் வரை போய்ச் சேரும். முதல் முறை கிளம்புகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

படி 1: முந்தைய நாள் மாலை

டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்றழுத்தத்தைப் பாருங்கள். ஓடிச் சூடான டயர் கூடுதலாகக் காட்டும். சரியான அளவு பெரும்பாலும் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் சட்டத்தில் ஒட்டியிருக்கும். ஆட்கள், பெட்டிகள் என்று பாரம் ஏறினால் அதற்குத் தனி அளவு உண்டு. அப்படியே ஸ்டெப்னிக்கும் காற்றுப் பிடியுங்கள். பலரும் மறப்பது அதைத்தான். ஜாக்கியும் ஸ்பேனரும் இருந்தால் போதாது, ஒரு நட்டையாவது கழற்றிப் பார்த்துவிடுங்கள். இயந்திரத்தால் இறுக்கிய நட்டு கையால் அசையாமல் போவதுண்டு. அதை வீட்டு வாசலில் தெரிந்துகொள்வது நல்லது.

படி 2: கூடும் இடத்தில்

டேங்கை நிரப்பிக்கொண்டு வாருங்கள். எரிபொருளுக்கு எங்கே நிறுத்துவது என்பதை, ஒரு டேங்கில் மிகக் குறைந்த தூரம் ஓடும் காரை வைத்து முடிவு செய்ய வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை இறங்கிக் கால் நீட்டும் இடங்களையும் அப்போதே குறித்து, வரைபடத்தை இணையம் இல்லாமலும் திறக்கும்படி சேமித்துக்கொள்ளுங்கள்.

படி 3: வரிசை

பாதை தெரிந்தவர் முதலில். புதியவர்கள் அவருக்கு அடுத்து. நிதானமும் அனுபவமும் உள்ளவர் கடைசியில். முதலுதவிப் பெட்டியும் கருவிகளும் கடைசிக் காரில்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் பழுதாகி நிற்கும் எந்தக் காரையும் அது கடந்தே தீரும். ஐந்தாறு கார்களுக்கு மேல் சேர்ந்தால் குழுக்களாகப் பிரித்துவிடுங்கள். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறோம். இரண்டு நொடி இடைவெளி விட்டால், 20 கார் வரிசை 800 மீட்டரைத் தாண்டிவிடும். அதை யாராலும் கட்டி மேய்க்க முடியாது.

படி 4: ஓடும்போது

மனத்தில் பதிய வேண்டிய விதி இதுதான்: உங்களுக்குப் பின்னால் வரும் கார் உங்கள் பொறுப்பு. திருப்பம் வந்ததும் முன்கார் திரும்பிவிட்டதே என்று பின்னாலேயே ஓடாதீர்கள். இண்டிகேட்டரைப் போட்டு வேகத்தைக் குறைத்துக் கண்ணாடியைப் பாருங்கள். பின்காரின் இண்டிகேட்டரும் மினுக்கத் தொடங்கினால் திரும்பலாம். காணவில்லையென்றால் பாதுகாப்பான ஓரத்தில் நின்று, வாக்கி-டாக்கியில் சொல்லுங்கள். ஒவ்வொருவரும் இப்படிச் செய்தால், செய்தி காருக்குக் கார் தாவி முதல் காரைத் தானாக நிறுத்திவிடும். என் முதல் பயணத்தில் இந்த ஏற்பாடு இல்லை. ஒரு கார் பிரிந்துபோனது ஒரு மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது. அதுவரை அவர்கள் எங்கே, எப்படி இருக்கிறார்கள் என்று பதறியது இன்னும் நினைவிருக்கிறது.

முதல் கார் 60-லிருந்து 80-க்கு வேகம் கூட்டினால், ஒவ்வொருவரும் சற்றுத் தாமதித்தே தொடர்வார்கள். விழுந்த இடைவெளியை அடைக்கக் கடைசிக் கார் 100-ல் விரட்ட வேண்டியிருக்கும். ஆகவே முன்னால் போகிறவர் மெல்ல மெல்லத்தான் வேகம் கூட்ட வேண்டும்.

வெளி வாகனம் இடையில் நுழைந்தால் நுழையட்டும். முந்தும் முடிவை உங்கள் கண்ணால் பார்த்தே எடுங்கள். "வா, வழி காலி" என்று முன்கார் சொன்ன நொடியில் இருந்த வழி, நீங்கள் வரும்போது இருக்காது.

படி 5: இறக்கமும் பழுதும்

மலை இறக்கத்தில் தாழ்ந்த கியரில் வாருங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிப்பு குறையும். ஒரு கார் பழுதானால் கடைசிக் கார் மட்டும் அதோடு நிற்கட்டும். மற்றவர்கள் அடுத்த அகலமான இடத்தில் காத்திருக்கலாம். சாலையோரம் பத்துக் கார்கள் குவிவதுதான் ஆபத்து.

ஒவ்வொரு நிறுத்தத்திலும், கிளம்பும் முன் கடைசிக் காரிலிருந்து "எல்லோரும் ஏறியாயிற்று" என்ற குரல் வரட்டும். அதன் பிறகே முதல் கார் நகர வேண்டும்.