மார்க்கெட்ரி: மரத்தால் ஒரு பூ செய்து அதற்கு நிழல் ஏற்றும் முறை

பிரான்சின் வெர்சாய் அரண்மனையில் உள்ள, மன்னர் பதினைந்தாம் லூயியின் எழுதுமேசையை 1760-இல் மேசை நாற்காலி செய்யும் கலைஞர் ஊபென் தொடங்கினார். 1763-இல் அவர் இறந்துவிட, அதே தொழில் செய்த ரீஸெனர் 1769-இல் அதை முடித்தார். அதிலுள்ள பூக்களுக்குத் தூரிகை பட்டதே இல்லை. பல நிற மரங்களின் மெல்லிய வெனீர் தகடுகளை வெட்டி, இணைத்து, மேசையின் மேல் ஒட்டியிருக்கிறார்கள். இதுவே மார்க்கெட்ரி. அந்த முறையில் ஐந்து இதழ்ப் பூ ஒன்றைச் செய்து பார்க்கலாம்.

பூவுக்கு வெளிர்நிற மேப்பிள், பின்புலத்துக்குக் கருநிற ஈட்டி மரம் என இரண்டு வெனீர்களை அடுக்கி, மேலும் கீழும் கழிவுத் தகடு வைத்து, விளிம்பில் ஒட்டுநாடாவால் கட்டுங்கள். வரைபடத்தை மேலே ஒட்டி, மிக மெல்லிய அலகுள்ள வாளால் கோட்டின்மேலேயே அறுங்கள். இரண்டும் ஒன்றாக அறுபடுவதால் மேப்பிள் இதழ் ஈட்டியில் விழுந்த துளைக்குள் சரியாக அமரும்.

வேலையின் உயிர் அடுத்த கட்டத்தில்தான் இருக்கிறது. நைசான, கழுவிக் காயவைத்த மணலை இரும்புச் சட்டியில் மூன்று விரல் உயரத்துக்குப் போட்டுச் சூடாக்குங்கள். அடியில் சூடு மிகுதி, மேலே குறைவு; ஆகவே இடுக்கியால் இதழின் விளிம்பைச் செங்குத்தாகச் செருகினால், நுனியில் அடர்ந்து மேலே போகப் போக மங்கும் பழுப்பு தானாகவே விழும். பக்கத்து இதழுக்கு அடியில் மறைவதாகத் தோன்ற வேண்டிய விளிம்புக்கே இந்த நிழல் தேவை. முதலில் கழிவுத் துண்டைச் செருகிச் சோதியுங்கள்: சுமார் பத்து நொடியில் பழுப்பானால் சூடு போதும், கருகினால் அதிகம், கருகிய விளிம்பு பிறகு உதிர்ந்துவிடும். தேய்க்கும்போது நிறம் சற்றுக் குறையும் என்பதால், வேண்டியதைவிட ஒரு சாயல் கூடவே ஏற்றுங்கள். சூட்டில் சுருங்கிய இதழை ஈரப் பஞ்சால் தொட்டால் பழைய அளவுக்குத் திரும்பும்.

இனி இதழ்களைத் துளைகளில் அமர்த்தி, முன்பக்கத்தில் பசைக் காகிதம் ஒட்டி, பின்பக்கத்தில் வச்சிரம் (விலங்குத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சி எடுக்கும் பசை) பூசிப் பிளைவுட்டின்மேல் ஓர் இரவு அழுத்தி வையுங்கள். வச்சிரத்தைக் கொதிக்க விடக்கூடாது. சுமார் 60 டிகிரி போதும். வெப்பமும் ஈரமும் பட்டால் அது இளகும் என்பதால்தான் பழைய பொருள்களைப் பழுதுபார்ப்பவர்கள் இன்றும் அதையே நாடுகிறார்கள். காய்ந்தபின் காகிதத்தை நனைத்து உரித்து, வாள் விட்ட இடைவெளியை மரத்தூள் கலந்த வச்சிரத்தால் அடைத்து, அதுவும் காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்து அரக்கு மெருகு இடுங்கள்.

இலைகளையும் சேர்க்க விரும்புவோருக்கு ஒரு சொல்: பழைய மேசைகளில் இலைகள் பழுப்பாகத் தெரிவதைப் பார்த்து மயங்க வேண்டாம். அவற்றுள் பல பச்சைச் சாயம் ஏற்றியவை. வெளிச்சம் பட்டுப் பட்டு மங்கிவிட்டன.